கமடோர் 64-இல் 2048: வேகம் எங்கே போகிறது?

2048 என்பது 4×4 பலகையில் எண் காய்களை ஒரு பக்கமாகத் தள்ளி, சமமான இரண்டைச் சேர்த்து இரட்டிக்கும் ஆட்டம். அதை கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினிக்கு எழுதிய ஒருவரின் கேள்வியின் சுருக்கம் இது: "கமடோர் 64-இல் பேசிக் மொழியில் 2048 ஆட்டத்தை எழுதியிருக்கிறேன். ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் திரை முழுக்க மாற ஆறேழு விநாடி ஆகிறது. 2, 2, 4 என்று இருக்கும் வரிசையை இடப்பக்கம் தள்ளினால் சில சமயம் நேராக 8 ஆகிவிடுகிறது. நான்கு திசைக்கும் தனித்தனியாக நிரல் எழுதியிருப்பதால் ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுகிறது. மெஷின் லாங்குவேஜ் கற்றுக்கொண்டால்தான் தீருமா?"

மெஷின் லாங்குவேஜ், அதாவது பிராசசர் நேரடியாகப் புரிந்துகொள்ளும் மொழி, கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று சிக்கல்களுக்கும் அது மருந்தில்லை. உங்கள் நிரலைப் பார்த்தேன். 4×4 முழு எண் அரே (எண்களை அடுக்கிவைக்கும் பட்டியல்) ஒன்றில் 2, 4, 8 என்று காயில் தெரியும் எண்ணையே வைத்திருக்கிறீர்கள். முதல் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. இதே நிரலை வரிக்கு வரி அசெம்பிளிக்கு (மெஷின் லாங்குவேஜை எழுதும் வடிவம்) மாற்றினாலும் அந்த முடிச்சு கூடவே வரும், அவிழ்ப்பது மட்டும் பத்து மடங்கு கஷ்டமாகும். பேசிக்கிலேயே இதை நிம்மதியாக விளையாடும் அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். அப்புறம் ஆசை இருந்தால் ஒரே ஒரு பகுதியை மட்டும் மெஷின் லாங்குவேஜில் எழுதுங்கள்.

முதலில் ஆட்டத்தின் விதிகளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம், ஏனென்றால் நகல்களின் நகல்களைப் பார்த்து எழுதுபவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். 2048-ஐ எழுதியவர் கேப்ரியலே சிருல்லி என்ற இத்தாலிய இளைஞர். 2014 மார்ச்சில், 19 வயதில், ஒரு வார இறுதியில் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, மூல நிரலை எம்ஐடி உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு வெளியான த்ரீஸ் என்ற கைபேசி ஆட்டம்தான் இந்த வகைக்கே மூத்தது. அதை உருவாக்கியவர்கள் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து செதுக்கினார்கள். நடுவில் 1024 என்று ஒன்றும் வந்தது. பெயரும் புகழும் கடைசியாக வந்த, இலவசமான ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. த்ரீஸ் செய்தவர்களுக்கு அது எரிச்சலாக இருந்ததில் வியப்பில்லை.

நமக்குத் தேவையான விதிகள் இவை. ஆட்டம் இரண்டு காய்களோடு தொடங்கும். புதிதாக வரும் காய் பத்தில் ஒன்பது முறை 2, ஒரு முறை 4. ஒரே தள்ளலில் ஒரு காய் ஒரு தடவைதான் சேரலாம். எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தச் சுவரை ஒட்டிய ஜோடிதான் முதலில் சேரும். ஆகவே 2, 2, 2 என்ற வரிசையை இடப்பக்கம் தள்ளினால் 4, 2 வரும், 2, 4 வராது. தள்ளியும் எதுவும் நகரவில்லை என்றால் புதுக் காய் வரக்கூடாது. சேர்ந்து பிறக்கும் காயின் எண்தான் புள்ளியாகக் கூடும்.

கமடோர் 64 வந்தது 1982-இல். இந்த ஆட்டத்துக்கு 32 வருடம் மூத்த இயந்திரம். இருந்தாலும் 2048-க்கு அது போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1977-இல் வந்த அட்டாரி 2600-இல் மொத்தமே 128 பைட் நினைவகம்தான், அதிலும் 2048-ஐ ஓடவைத்திருக்கிறார்கள். உங்கள் இயந்திரத்தைப் போட்டதும் 38911 பைட் காலி என்று நீலத்திரை சொல்கிறதே, இந்த ஆட்டப் பலகைக்குத் தேவை அதில் 16 பைட்.

சரி, முடிச்சுக்கு வருவோம். காயில் தெரியும் எண்ணை வைக்காதீர்கள். அது 2-இன் எத்தனையாவது அடுக்கு என்பதை வையுங்கள். காலிக் கட்டம் 0, 2 என்ற காய் 1, 4 என்றால் 2, 8 என்றால் 3. இப்படியே போனால் 2048 என்பது 11. இந்த ஆட்டத்தில் வரக்கூடிய ஆகப் பெரிய காய் 131072, அது 17. ஏன் அதுதான் எல்லை என்றால், பதினைந்து கட்டங்களில் 65536-இலிருந்து 4 வரை ஒவ்வொன்றாக இறங்கி நிற்க, பதினாறாவது கட்டத்தில் அதிர்ஷ்டவசமாக இன்னொரு 4 விழ வேண்டும். அதற்கு மேல் இடமில்லை. நாமெல்லாம் அதைப் பார்க்கப் போவதில்லை, ஆனால் நிரல் எழுதும்போது எல்லை தெரிந்திருப்பது நல்லது.

இந்த ஒரு மாற்றத்தால் என்னென்ன தானாகச் சரியாகிறது பாருங்கள். இரண்டு காய் சேர்ந்தால் கூட்டல் இல்லை, பெருக்கல் இல்லை, ஒன்றைக் கூட்டினால் போதும். நிறத்தைக் கண்டுபிடிக்க நீங்கள் இப்போது எண்ணின் லாகரிதத்தை 2-இன் லாகரிதத்தால் வகுக்கிறீர்கள். அது மெதுவானது, முழு எண்ணாகவும் எப்போதும் வந்து சேராது. அடுக்கு கையில் இருந்தால் நிறம் என்பது 18 இடங்கள் உள்ள பட்டியலில் ஓர் இடம், அவ்வளவுதான். காயில் எழுத வேண்டிய எண்ணும் அதே மாதிரி இன்னொரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலை நிரப்பவும் அடுக்குக்குறியைப் பயன்படுத்தாதீர்கள். பேசிக் அதையும் லாகரிதம் வழியாகத்தான் கணக்கிடுகிறது. 2-இல் தொடங்கி ஒவ்வொன்றையும் இரட்டித்துக்கொண்டே போங்கள், சுத்தமான முழு எண் கிடைக்கும்.

உங்கள் நிரலில் இன்னும் வெடிக்காத ஒரு வெடியும் இருக்கிறது. விழுக்காட்டுக் குறி போட்ட முழு எண் மாறிகள் 32767 வரைதான் தாங்கும். யாராவது நன்றாக ஆடி இரண்டு 16384 காய்களைச் சேர்த்தால் அந்த நொடியில் 'இல்லீகல் குவான்டிட்டி' என்று நிரல் நின்றுவிடும். மூன்று மணி நேரம் ஆடியவர் உங்களைத் தேடி வருவார். இன்னொரு விஷயம், இந்த பேசிக்கில் முழு எண் மாறி வேகமானது என்பதும் தவறான எண்ணம். உள்ளே எல்லாக் கணக்கும் மிதவைப் புள்ளி எண்ணாக (பின்னங்களையும் தாங்கும் வடிவம்) மாற்றித்தான் நடக்கிறது. முழு எண் மாறி என்றால் போக வர இரண்டு முறை மாற்ற வேண்டும், அதனால் மெதுவாகத்தான் ஆகும். அரேயில் கொஞ்சம் இடம் மிச்சமாகும், 16 கட்டங்களுக்கு அதில் என்ன லாபம்? சாதாரண மாறியையே வையுங்கள். இரட்டை அரேயும் வேண்டாம், 0 முதல் 15 வரை ஒரே வரிசையாக இருக்கட்டும்.

அடுத்தது அந்த 8 ஆகிவிடும் பிழை. உங்கள் நிரல் காய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, பக்கத்தில் சமமான காய் இருந்தால் சேர்த்து, மறுபடி முதலிலிருந்து பார்க்கிறது. முதல் சுற்றில் 2, 2 சேர்ந்து 4 ஆனது. அடுத்த சுற்றில் அந்த 4-க்குத் தான் இப்போதுதான் பிறந்தோம் என்று தெரியாது, பக்கத்து 4-உடன் சேர்ந்துவிடுகிறது. பலர் இதற்காக 'இது ஏற்கெனவே சேர்ந்தது' என்று குறித்துவைக்க இன்னொரு அரே வைப்பார்கள். தேவையே இல்லை.

கையில் ஒரே ஒரு காயைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுவர்ப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். காலிக் கட்டமா, தாண்டிப் போங்கள். காய் இருக்கிறது, கை காலி என்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பதும் எதிரே இருப்பதும் சமம் என்றால், ஒன்று கூடிய அடுக்கைச் சுவர்ப்பக்கம் அடுத்த இடத்தில் வைத்துவிட்டுக் கையைக் காலியாக்குங்கள். சமமில்லை என்றால் கையில் இருப்பதை அங்கே வைத்துவிட்டு எதிரே இருப்பதை எடுங்கள். நான்கு கட்டமும் முடிந்ததும் கையில் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதையும் வைத்து, மீதி இடங்களில் 0 போடுங்கள்.

2, 2, 4-ஐ இதில் ஓட்டிப் பாருங்கள். முதல் 2 கைக்கு வருகிறது. இரண்டாவது 2 சமம், 4-ஐக் கீழே வைத்தாயிற்று, கை காலி. மூன்றாவதாக வரும் 4 கைக்கு வருகிறது, கடைசியில் கீழே வைக்கப்படுகிறது. விடை 4, 4. கீழே வைத்த காயை மறுபடி யாரும் தொடுவதில்லை என்பதால் இரட்டைச் சேர்க்கைக்கு வழியே இல்லை. வைக்கும் இடம் எப்போதும் படித்து முடித்த இடமாகவே இருக்கும், அதனால் தனி வரிசை எதுவும் வேண்டாம், பலகையிலேயே நேராக எழுதலாம். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் அங்கே முன்பு இருந்ததோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் 'நகர்ந்தது' என்று ஒரு மாறியில் 1 போட்டுவிடுங்கள். புதுக் காய் வர வேண்டுமா என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

நான்கு திசைகளுக்கும் இந்த ஒரே நடைதான். வித்தியாசம் எங்கே தொடங்குகிறோம், எத்தனை எத்தனையாகத் தாண்டுகிறோம் என்பதில் மட்டும். இடப்பக்கம் என்றால் 0, 4, 8, 12-இல் தொடங்கி ஒன்று ஒன்றாக. வலப்பக்கம் 3, 7, 11, 15-இல் தொடங்கி பின்னோக்கி ஒன்று ஒன்றாக. மேலே என்றால் 0, 1, 2, 3-இல் தொடங்கி நான்கு நான்காக. கீழே 12, 13, 14, 15-இலிருந்து பின்னோக்கி நான்கு நான்காக. நடைக்கு ஒரு துணை நிரல், திசைக்கு ஐந்து எண்கள் கொண்ட ஒரு டேட்டா வரி. உங்கள் நான்கு பிரதிகளையும் தைரியமாக அழித்துவிடலாம்.

இனி வேகம். நேரம் கணக்கில் போகவில்லை, படம் வரைவதில் போகிறது. ஒவ்வொரு காயும் உங்கள் திரையில் அகலம் 6, உயரம் 5 எழுத்து. ஒரு காய்க்கு 30 இடம், 16 காய்க்கு 480 இடம், ஒவ்வோர் இடத்துக்கும் எழுத்துக்கு ஒரு போக் (நினைவக முகவரியில் ஓர் எண்ணை நேரடியாக எழுதும் கட்டளை), நிறத்துக்கு ஒரு போக், ஆக 960 போக். இந்த பேசிக்கில் உள்ளே ஒன்றுமே இல்லாத ஃபார்–நெக்ஸ்ட் லூப் ஆயிரம் முறை சுற்றவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதில் முகவரிக்கு ஒரு பெருக்கல், இரண்டு கூட்டல், அப்புறம் போக் என்று சேர்த்தால் ஒரு சுற்று ஐந்தாறு மடங்கு நீளும். உங்கள் ஆறேழு விநாடி அங்கேதான் கரைகிறது.

இதற்கு இரண்டு வழி, இரண்டையும் செய்யுங்கள். ஒன்று, மாறிய கட்டங்களை மட்டும் வரையுங்கள். பலகையின் பழைய நிலையை இன்னோர் அரேயில் வைத்து, வேறுபட்டதை மட்டும் தொடுங்கள். இரண்டு, போக்கை விட்டுவிட்டு பிரின்ட்டுக்கு மாறுங்கள். ஒரு காயின் முழு உருவத்தையும் ஒரே சரமாகக் கட்டிவைக்கலாம்: நிறத்தின் குறியீடு, எழுத்தின் நிறமும் பின்னணியும் இடம் மாறும் 'தலைகீழ்' எழுத்துக்கான 18, ஆறு எழுத்து, அப்புறம் கர்சரைக் கீழே இறக்கும் 17, இடப்பக்கம் தள்ளும் 157 ஆறு முறை, மறுபடி ஆறு எழுத்து. ஐந்து வரிக்கும் சேர்த்து 60 எழுத்துதான் வரும். இப்படி 18 சரங்களை ஆட்டம் தொடங்கும் முன்பே தயார் செய்துவிடுங்கள். வரைய வேண்டிய நேரத்தில் 214-இல் வரிசையையும் 211-இல் நெடுவரிசையையும் போக் செய்து, சிஸ் 58732 (அந்த முகவரியில் இருக்கும் நிரலை ஓட்டும் கட்டளை) கொடுத்தால் கர்சர் அங்கே போய் நிற்கும், அடுத்து ஒரே ஒரு பிரின்ட். கடைசியில் அரைப்புள்ளியை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கர்சர் அடுத்த வரிக்குப் போகும். பேசிக் அந்தக் கட்டளையை ஒரு தடவை படித்தால் போதும், மீதி அறுபது எழுத்தையும் ரோமில் (இயந்திரத்தோடு வரும் அழியா நினைவகம்) இருக்கும் மெஷின் லாங்குவேஜ் நிரல் கவனித்துக்கொள்ளும்.

சரங்களை முன்பே கட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டத்தின் நடுவே சரங்களை ஒட்டிக்கொண்டே இருந்தால் பழைய சரங்கள் குப்பையாகச் சேரும். ஒரு கட்டத்தில் பேசிக் அதைக் கூட்டிப் பெருக்க உட்காரும், அப்போது திரை உறைந்துபோகும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்துவிடுகிறவர்கள் உண்டு.

இடவசதியைப் பொறுத்தவரை 6×5 என்பது நல்ல அளவு. 131072 ஆறு இலக்கம், அப்படியே அடங்கும். காய்களுக்கு நடுவே ஓர் எழுத்து இடைவெளி விட்டால் பலகை அகலம் 27, உயரம் 23. திரை 40×25 என்பதால் வலப்பக்கம் 13 எழுத்து அகலத்துக்குப் புள்ளிகள் எழுத இடம் கிடைக்கும்.

நிறத்தைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். சாதாரண எழுத்து முறையில் திரை முழுவதற்கும் பின்னணி நிறம் ஒன்றுதான், ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னணி நிறம் மட்டும் தனி. நாம் தலைகீழ் எழுத்தில் எழுதுவதால் காய் முன்னணி நிறத்தில் நிரம்பி, இலக்கம் பின்னணி நிறத்தில் துளையிட்டது மாதிரி தெரியும். பின்னணி கறுப்பு என்றால் இலக்கமும் கறுப்பு. ஆகவே கறுப்போடு மங்கிப்போகும் நீலம், பழுப்பு, அடர்சாம்பல் மூன்றும் காய்களுக்கு உதவாது. நீலத்தைக் காலிக் கட்டத்துக்கு வைத்துவிடுங்கள், கமடோரின் முகம் தெரியும். 16 நிறத்தில் கறுப்பும் இந்த மூன்றும் போனால் மிச்சம் 12. 2 முதல் 2048 வரை காய் வகைகள் 11. ஒன்று உபரி, வெள்ளை. அதை 4096-க்கு வையுங்கள். அதற்கு மேல் போகிறவர்களுக்கு நிறம் திரும்ப வந்தாலும் கோபம் வராது.

என்னுடைய வரிசை: 2-க்கு நடுச்சாம்பல் (12), 4-க்கு வெளிர்சாம்பல் (15), அப்புறம் ஆரஞ்சு (8), வெளிர்சிவப்பு (10), சிவப்பு (2), ஊதா (4), வெளிர்நீலம் (14), சயான் (3), பச்சை (5), வெளிர்பச்சை (13), கடைசியில் 2048-க்கு மஞ்சள் (7). முதலில் காலிக் கட்டத்துக்கு அடர்சாம்பல்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் பழைய கறுப்பு வெள்ளைத் திரையில் மாட்டினால் 32 என்ற காய்கள் எல்லாம் காலிக் கட்டம் போலத் தெரிந்தன. இந்த இயந்திரத்தின் விக்-2 படச் சில்லில் நிறங்கள் ஜோடி ஜோடியாக ஒரே வெளிச்ச அளவில் இருக்கின்றன. சிவப்பும் அடர்சாம்பலும் அப்படி ஒரு ஜோடி. நீலத்துக்கு ஜோடி பழுப்பு, அதை நாம் பயன்படுத்தவே இல்லை, எனவே சிக்கல் தீர்ந்தது.

புதுக் காயை எங்கே வைப்பது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். நான் ஒரு வாரம் ஏமாந்த இடம் இது. என் முதல் நிரலில் 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணை எடுத்து, அந்தக் கட்டம் நிரம்பியிருந்தால் அடுத்த காலிக் கட்டத்துக்கு நடந்து போவதாக எழுதியிருந்தேன். ஓடியது. ஆனால் ஆட்டம் ஏதோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பெரிய காய்களை மேல் இடது மூலையில் அடுக்கி ஆடுவது என் வழக்கம். புதுக் காய் எப்போது பார்த்தாலும் அந்த அடுக்குக்கு அடுத்த கட்டத்தில் வந்து ஒட்டியது. கணக்குப் போட்டால் காரணம் தெளிவு. 0 முதல் 4 வரை நிரம்பி, 5, 6 இரண்டும் காலி என்றால், 0, 1, 2, 3, 4, 5 எது விழுந்தாலும் காய் 5-க்குத்தான் போகும். அதாவது 16-இல் 6 பங்கு. 6-க்கு 16-இல் 1 பங்குதான். ஆட்டத்தின் நியாயமே போய்விட்டது.

ஆகவே காலிக் கட்டங்களின் பட்டியல் ஒன்றை எடுத்து, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். திரையை வரையும்போது 16 கட்டங்களையும் எப்படியும் பார்க்கிறீர்கள், அங்கேயே காலியானவற்றைக் குறித்துக்கொள்ளலாம். புதுக் காய் வைத்த பிறகு பட்டியலில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் மட்டும், பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் 24-ஐயும் பார்த்து ஒன்றாவது சமமாக இருக்கிறதா என்று சோதியுங்கள். இல்லையென்றால் ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு தள்ளலுக்கும் இந்தச் சோதனையை ஓட்டத் தேவையில்லை.

பேசிக்கின் சீரற்ற எண் இயந்திரத்தைப் போட்டவுடன் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும். தொடக்கத்திரையில் ஏதாவது ஒரு விசைக்குக் காத்திருந்து, அது அழுத்தப்பட்ட கணத்தில் கடிகார மாறி டிஐ-யின் எதிர்மதிப்பை, சீரற்ற எண் தரும் ஆர்என்டிக்கு ஒரு முறை கொடுங்கள். மனிதன் விசையை அழுத்தும் நேரம் ஒரு தடவை போல இன்னொரு தடவை இருக்காது, அதுவே போதும். இதைவிட அழகான வழி சிட் ஒலிச் சில்லில் இருக்கிறது. அதன் மூன்றாவது குரலை இரைச்சல் அலையில் வைத்து (54286-இலும் 54287-இலும் 255, 54290-இல் 128), 54299-ஐப் பீக் செய்தால் (அங்கே இருக்கும் எண்ணைப் படித்தால்) 0 முதல் 255 வரை ஓர் எண் வரும். சத்தம் எதுவும் கேட்காது. வரும் எண் 26-ஐவிடக் குறைவு என்றால் 4, இல்லாவிட்டால் 2 என்று வைத்தால் பத்தில் ஒன்றுக்கு மிக அருகில் வந்துவிடும். மெஷின் லாங்குவேஜில் இதை அடுத்தடுத்து உடனே படித்தால் ஒரே எண் இரண்டு முறை வரலாம், பேசிக்கின் வேகத்தில் அந்தக் கவலை இல்லை.

இவ்வளவும் செய்தபின் பேசிக் நிரல் ஓரளவு சுறுசுறுப்பாகிவிடும். மேலும் கொஞ்சம் கறக்க வேண்டுமென்றால், அடிக்கடி அழைக்கும் துணை நிரல்களைச் சிறிய வரி எண்களில், நிரலின் தொடக்கத்திலேயே வையுங்கள். பேசிக் வரி எண்ணை முதலிலிருந்து தேடிக்கொண்டு வருகிறது. மாறிகளையும் அப்படித்தான் தேடுகிறது, அதனால் அதிகம் புழங்கும் மாறிகளை நிரலின் முதல் வரியிலேயே அறிமுகப்படுத்திவிடுங்கள். லூப்புக்குள் நேரடி எண் எழுதுவதைவிட மாறி எழுதுவது வேகம்.

இப்போது மெஷின் லாங்குவேஜ். முழு ஆட்டத்தையும் மாற்ற வேண்டாம், அந்தக் கையில் பிடித்து நடக்கும் துணை நிரலை மட்டும் மாற்றுங்கள். 49152-இலிருந்து 4096 பைட் பேசிக் தொடாத இடம். பலகையின் 16 பைட்டை கேசட் பஃபரில் (கேசட் ஓடாதபோது சும்மா கிடக்கும் இடம்), 828-இல் வைத்துக்கொள்ளலாம். திசையை 780-இல் போக் செய்து சிஸ் 49152 கொடுத்தால் அந்த மதிப்பு ஏ ரெஜிஸ்டரில் (பிராசசருக்குள் எண்ணைத் தாங்கும் இடம்) உள்ளே போகும். வேலை முடிந்து திரும்பும்போது நகர்ந்ததா இல்லையா என்பதை ஏ-யில் விட்டுவந்தால் அதே 780-ஐப் பீக் செய்து பார்க்கலாம். இந்த 6510 பிராசசர் விநாடிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் துடிப்பில் ஓடுகிறது. பலகை முழுவதையும் தள்ள அதற்கு ஏறக்குறைய ஆயிரம் துடிப்பு, அதாவது ஒரு மில்லிவிநாடி அளவில் போதும். மெஷின் லாங்குவேஜில் முதல் பாடமாக இதைவிடப் பொருத்தமான துணை நிரல் அமைவது அரிது. சின்னது, விடை கண்ணுக்குத் தெரியும், தப்பானால் பலகை உடனே காட்டிக்கொடுக்கும்.

புள்ளிக் கணக்கையும் அங்கே கொண்டுபோனால் ஒரு வித்தை இருக்கிறது. 6510-க்குப் பெருக்கலும் தெரியாது, வகுத்தலும் தெரியாது. இரும எண்ணாகப் புள்ளியை வைத்தால் திரையில் எழுத ஒவ்வொரு முறையும் பத்தால் வகுக்கும் நிரல் ஒன்று வேண்டும். அதற்குப் பதில் பிராசசரின் தசம நிலையைப் பயன்படுத்துங்கள். ஒரு பைட்டில் இரண்டு இலக்கம். 131072 மூன்று பைட்டில் 13, 10, 72 என்று அடங்கும். புள்ளிக்கு நான்கு பைட், எட்டு இலக்கம், தாராளம். கூட்டியதும் ஒவ்வோர் அரை பைட்டுக்கும் 48 கூட்டினால் திரையில் போட வேண்டிய எழுத்து தயார். ஒரு எச்சரிக்கை மட்டும்: தசம நிலைக்குப் போவதற்கு முன் இன்டரப்ட்டை (ஓடும் நிரலை இடைமறித்து வேறு வேலைக்கு இழுக்கும் அழைப்பு) நிறுத்துங்கள், வெளியே வந்தபின் திறந்துவிடுங்கள். இன்டரப்ட் வரும்போது இந்த பிராசசர் தசம நிலையைத் தானாக நீக்காது, ரோமும் நீக்காது. விநாடிக்கு அறுபது முறை ஓடும் விசைப்பலகை நிரல் தசமக் கணக்கில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கண்டுபிடிக்கவே முடியாத மாதிரி பிழைகள் வரும்.

ஆடும் கைக்கு ஜாய்ஸ்டிக் நல்லது. இந்த விசைப்பலகையில் அம்புக்குறி விசை இரண்டுதான், மேலேயும் இடப்பக்கமும் போக ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், வேகமாக ஆடும்போது எரிச்சல் வரும். ஜாய்ஸ்டிக் மாட்டும் இரண்டாம் போர்ட்டை 56320-இல் படியுங்கள். 15-இலிருந்து அதன் கடைசி நான்கு பிட்டைக் கழித்தால் மேலே 1, கீழே 2, இடம் 4, வலம் 8. குச்சி நடுவுக்குத் திரும்பும் வரை அடுத்த நகர்த்தலை ஏற்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரு தள்ளலுக்கு மூன்று தள்ளல் விழும்.

காய் வழுக்கிப் போகும் அசைவை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எழுத்துக் கட்டங்களில் அது குதித்துக் குதித்துத்தான் போகும், உழைப்புக்கு ஏற்ற அழகு வராது. ஆனால் அசைவில்லாத ஆட்டத்தில் புதுக் காய் எங்கே வந்தது என்று கண் தொலைத்துவிடும். அதனால் புதிதாக வரும் காயை ஒரு கணம் வெள்ளையில் காட்டிவிட்டு அதன் நிறத்துக்கு மாற்றுங்கள். சத்தத்துக்கு, அடுக்கு ஒன்று கூடினால் எண் இரட்டிக்கிறது, எனவே ஒலியும் ஒவ்வொரு ஸ்தாயியாக ஏறட்டும் என்று எனக்கு முதலில் தோன்றியது. சில அடுக்கிலேயே சிட் எட்டக்கூடிய உச்சம் வந்துவிட்டது. அப்புறம் ஸ்வரம் ஸ்வரமாக மாற்றினேன். 4 பிறந்தால் ச, 8 என்றால் ரி, 16 என்றால் க. 512-க்கு மேல் ஸ்தாயி ச வரும். 2048 அங்கே க-வில் வந்து நிற்கும்.

மாற்றி எழுதியதும் ஆட ஆரம்பிக்காதீர்கள். முதலில் இந்த வரிசைகளைக் கையால் போட்டு இடப்பக்கம் தள்ளிப் பாருங்கள். 2, 2, 2, 2 என்பது 4, 4 ஆக வேண்டும். 2, 2, 4, 8 என்பது 4, 4, 8. 4, காலி, 4, 2 என்பது 8, 2. 2, 4, 2, 4 அசையக்கூடாது, புதுக் காயும் வரக்கூடாது. பிறகு அதே நான்கையும் வலப்பக்கம், மேலே, கீழே. இதில் இடப்பக்கம் சரியாக இருந்து மற்ற ஏதோ ஒரு திசை மட்டும் தப்பாக வந்தால் நடையைத் தொடாதீர்கள், டேட்டா வரியில் ஓர் எண் மாறியிருக்கும்.